பஞ்சர் கிராமத்து யுத்தம்

மார்ச் 3, செவ்வாய்

வீட்டுக்காரருக்கு இன்றும் பொழுது போகவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன், நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து இறங்கும்போது காலை உடைத்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். இடது கால். முழங்கால் வரை மாவுக்கட்டு. விசாரிக்க வருகிறவர்களிடம் "சின்ன ஆக்சிடென்ட்" என்று மட்டும் சொல்கிறார். வண்டி ஒரு அங்குலம்கூட அசையவில்லை என்பதைச் சொல்வதில்லை. அந்தக் குறையை நாத்தனார் தீர்த்துவைக்கிறாள். போன் போட்டு எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

படுத்த இடத்திலிருந்தே வீட்டுக்கு டிரைவிங் கிளாஸ் நடக்கிறது. "பின்னால பாத்துட்டு கதவைச் சாத்து." "அடுப்பை ஏன் அவ்வளவு வேகமா திருகுற?" நான் ஒரு பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிறவள். டிரைவர்கள் கூட்டமாக வந்து சண்டை போடுகிற இடம். அங்கே போய் உட்கார்ந்தால் நிம்மதியாக இருக்கிறது என்றால் வீட்டு நிலைமை புரியும்.

இவர் கையில் எதையாவது கொடுத்தாக வேண்டும். என் கம்ப்யூட்டரில் இருக்கும் ராஜ்ய விளையாட்டைக் காட்டிவிட்டால் என்ன?

மார்ச் 5, வியாழன்

காட்டிவிட்டேன். ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நமக்கு ஒரு ராஜ்யம், கம்ப்யூட்டருக்கு ஒரு ராஜ்யம். அந்தப் பக்கம் வடக்கு ராணி. நாம் ஒரு முறை ஆடினால் அவள் ஒரு முறை ஆடுவாள். ஊர் கட்டலாம், பயிர் வைக்கலாம், படை சேர்க்கலாம். ஒருவர் தலைநகரை இன்னொருவர் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. வேறு மனிதர்கள் கிடையாது. நாமும் பெட்டியும்தான்.

ஊர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்றதும் முகத்தில் ஒரு வெளிச்சம். தலைநகருக்கு 'நியூட்ரல்' என்று வைத்தார். கோட்டை 'ஹேண்ட்பிரேக்'. ஆற்று வளைவில் இருப்பது 'யூ-டர்ன்'. வடகிழக்கு ஓரத்தில், சதுப்பு நிலத்துக்கு நடுவில், நெல்லும் விளையாமல் ரோடும் இல்லாமல் ஒரு குடியிருப்பு. அதற்கு 'பஞ்சர்'.

சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். "இதுல சில ஓட்டை இருக்குங்க. எழுதினவங்க கவனிக்காம விட்டது. அதுல புகுந்தா ராணியை ஈஸியா கவுத்துடலாம்."

"அது ஏமாத்து இல்லையா?"

"யாரை ஏமாத்தறோம்? எதிர்ல யாருமே இல்லையே."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ராத்திரி காலி ரோட்ல வலது பக்கம் திரும்பற. இண்டிகேட்டர் போடுவியா?"

"யாருக்காகப் போடணும்?"

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். ஒரு காலத்தில் இவரிடம் வண்டி கற்றுக்கொள்ளத்தான் போனேன். லைசென்ஸ் வரவில்லை, கல்யாணம்தான் வந்தது. ஓட்டை என்னவென்று சொல்லப்போனால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாத. தெரிஞ்சா கை துறுதுறுங்கும்."

மார்ச் 8, ஞாயிறு

அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன், மனசு ஆறட்டும்.

உதவாக்கரை கிராமம் ஒன்றை ராணிக்குப் பரிசாகக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். புதிதாகக் கைக்கு வந்த ஊர் எதுவானாலும் அவளுக்கு அது பொக்கிஷம். இருப்பதிலேயே பெரிய படையைக் கொண்டுபோய் அங்கே காவலுக்கு நிறுத்துவாள். நிறுத்தினால் திரும்ப எடுக்க மாட்டாள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவள் தலைநகர் திறந்த வீடாகக் கிடக்கும். நான் கடினமான லெவலில் வருஷக்கணக்காக ஜெயிப்பது இந்த லட்சணத்தில்தான். இதில் எனக்குத் துளி வெட்கம் கிடையாது. அட்டவணையில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் இடைவெளி கண்டுபிடித்து மூன்றாவதை நுழைத்தால் ஆபீஸில் கை தட்டுகிறார்கள். ராணிக்கு மட்டும் தனி நியாயமா?

மார்ச் 9, திங்கள்

யூ-டர்ன் போய்விட்டது. பாதித் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

மார்ச் 14, சனி

இதைவிட எளிய லெவல் கிடையாது. அதிலும் தோற்கிறார். அதுவும் எப்படி? எதிரி வரும் வழியில் இருக்கும் விவசாயிகளை முதலில் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் படையைத் தயார் பண்ணுகிறார். அதற்குள் ராணி வந்துவிடுகிறாள்.

இன்று ஹேண்ட்பிரேக்கும் விழுந்தது. சண்டைக்கு முன்னால் சேவ் பண்ணியிருந்தது, நான்தான் சொன்னேன்: "லோட் பண்ணி அந்த இடத்துலேர்ந்து திரும்ப ஆடுங்களேன். எல்லாரும் பண்றதுதான்."

"நடந்தது நடந்ததுதானே. இடிச்ச வண்டியை இடிக்காத மாதிரி ஆக்க முடியுமா?"

ஆக்க முடியும், அதற்குத்தான் பட்டன் வைத்திருக்கிறான் என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு பொம்மை ஆட்டத்துல கூட நிக்க முடியல. இந்தக் கால் கிளட்ச் மிதிக்குமோ மிதிக்காதோ." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவரைக் கேலி பண்ணித்தான் எனக்குப் பழக்கம். இந்த மாதிரிப் பேசினால் என்ன பண்ணுவதென்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

மார்ச் 17, செவ்வாய்

எக்ஸ்-ரே எடுக்க நாத்தனார் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். நான் அரை நாள் லீவில் வீட்டில். கம்ப்யூட்டர் அணைக்கப்படவில்லை. திரையில் நியூட்ரலின் வாசலில் ராணியின் பெரும்படை கூடாரம் போட்டிருந்தது. மதிலுக்குள் கொஞ்சம் வில்வீரர்கள், நிறைய விவசாயிகள். அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ கதை முடிந்துவிடும். முடிந்தால் இவர் சுவர்ப் பக்கமே திரும்பிக் கிடப்பார்.

பஞ்சரைத் தூக்கி ராணிக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு கிளிக். அப்புறம் போய்த் துணி மடித்தேன்.

அவர் ஆட்டம் அது. தெரியும். இருந்தாலும் — கெடுதல் ஒன்றும் பண்ணவில்லையே?

மார்ச் 18, புதன்

வேலை செய்துவிட்டது! அவர் ஒரு முறை ஆடி முடித்ததும் ராணியின் படை கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வடகிழக்கே கிளம்பிவிட்டது. இவர் போட்ட கூச்சலில் எனக்குக் கையிலிருந்த டீ கொட்டியது.

"பாத்தியா! வில்லுக்காரங்களை மேட்டு மதில்ல ஏத்தினேன்ல? அதைப் பாத்துட்டு பயந்துட்டா!"

"ஆமாங்க. பயந்துதான் போயிட்டா."

பிறகு நெற்றியைச் சுருக்கினார். "பஞ்சர் எப்போ போச்சு? நேத்து நம்ம கலர்லதானே இருந்தது?"

"அப்படியா? நான் கவனிக்கலையே."

எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்!

நாத்தனாருக்கு, வகுப்பு நின்றுபோன மாணவர்களுக்கு, எக்ஸ்-ரே டாக்டருக்குக்கூட போன். எல்லோருக்கும் மேட்டு மதில் கதை. சாயங்காலம் தானாகவே ஊன்றுகோலைக் கேட்டு வாங்கி ஜன்னல் வரை நடந்தார். கட்டுப் போட்ட நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. எனக்கு இரண்டு மார்க் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

சனியன் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இவர் பஞ்சரை மீட்கப் போகிறாராம்.

"அதுல என்ன இருக்கு? வெறும் சேறு. விட்டுத் தொலைங்க."

"முப்பது குடும்பம் இருக்கு."

"அது ஒரு நம்பருங்க!"

"நம்மளை நம்பி அந்தச் சேத்துல போய்க் குடியேறினவங்க. நியூட்ரலைக் காப்பாத்திட்டு அவங்களை அம்போன்னு விடறதா?"

ராணியின் மொத்தப் படையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. உட்காரவைத்தவள் நான். அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சுற்றி வளைத்துப் பார்த்தேன். "வடக்க ஒரு எட்டு போய்ப் பாத்தா என்ன? அவ தலைநகர்ல ஆளே இல்லாம இருக்கலாம்ல?"

"நம்ம ஜனம் அங்க மாட்டிட்டு இருக்கும்போது இன்னொருத்தி வீட்ல போய் எட்டிப் பாக்கச் சொல்றியா?"

ஜெயிப்பதற்கான வழி வாசலில் திறந்து கிடக்கிறது, மனுஷன் சேற்றை நோக்கிப் படை நடத்துகிறார். இதற்குத்தான் ஓட்டைகளை நல்லவர்கள் பக்கத்தில் வைக்கக் கூடாது.

மார்ச் 22, ஞாயிறு

சேற்றில் பாதிப் படை போயிற்று. நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன், அவருக்கோ பசி பிரமாதமாக எடுத்தது. "தோத்தாலும் போனோம்ல? வர்ற வாரம் இன்னொரு தடவை போவோம்." தட்டைத் தானே கழுவுகிறேன் என்று ஊன்றுகோலோடு எழுந்து வந்து ஒரு டம்ளரை உடைத்தார்.

சாப்பிட்டு முடித்த கையோடு உபதேசம். "குறுக்கு வழில போனா இந்தத் திருப்தி வருமா, சொல்லு. நேர்மையா ஆடியே அவளை வாசல்லேர்ந்து விரட்டினேன்." நான் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 25, புதன்

இந்த ஆட்டத்தை இத்தனை வருஷம் ஆடியும் ஒரு விஷயம் மறந்து தொலைத்துவிட்டேன். நான் எப்போதும் பரிசு கொடுத்த கையோடு ராணியை முடித்துவிடுவதால், அவள் தூதர் வந்து சேர நேரமே இருந்ததில்லை.

இன்று வந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெண்தாடி, கையில் ஒரு கோல், திரை முழுக்க நிற்கிறார். அவர் சொன்னதை இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தார்.

"மாட்சிமை தங்கிய வடக்கு ராணி, தாங்கள் மனமுவந்து பரிசளித்த பஞ்சர் கிராமத்துக்காகத் தம் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறார்."

என் கத்தி நின்றுவிட்டது.

"மனமுவந்து..." என்று இன்னொரு முறை படித்தார், மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "எக்ஸ்-ரே எடுக்கப் போன அன்னிக்கா?"

தலையை ஆட்டினேன்.

"மேட்டு மதில்?"

"மேட்டு மதிலும்... கொஞ்சம் உதவியிருக்கும்ங்க."

வேறு சமயமாக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பார். கம்ப்யூட்டரை அணைத்தார். டாக்டரிடம்கூடச் சொன்னேனே என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

மார்ச் 26, வியாழன்

திட்டினால் பரவாயில்லை. "தண்ணி", "நன்றி", இவ்வளவுதான் இன்று முழுவதும். கட்டின பெண்டாட்டிக்கு நன்றி சொல்கிறார்!

மார்ச் 28, சனி

நானே போய் எதிரில் உட்கார்ந்தேன். "ஒரு பொம்மை ராஜ்யத்துக்கு இத்தனை கோபமா?" என்று கேலியாக ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டேன். "நீங்க சுவரைப் பாத்துப் படுத்துட்டு இருந்தது எனக்குத் தாங்கலங்க. அதான்."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேசினார். "என் வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், தெரியும்ல?"

தெரியும். எனக்காகவே அது பாதி தேய்ந்தது.

"கத்துக்க வர்றவங்க தடுமாறினா நான் அழுத்துவேன். தப்பே இல்ல. அழுத்தின உடனே சொல்லிடுவேன், 'நான்தான் அழுத்தினேன்'னு. சொல்லலேன்னா தானே நிறுத்திட்டதா நினைச்சுப்பாங்க. சந்தோஷமா இருப்பாங்க. அப்புறம் ஒருநாள் நான் பக்கத்துல இல்லாம ஓட்டுவாங்க."

நான் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்து ஆமாம்ங்கற. நான் எழுந்து நடந்ததே அந்தத் தெம்புலதான். அது என்னோடது இல்லேன்னு ஒரு தாடிக்காரன் வந்து சொல்றான்."

அவர் தோற்றிருந்தால்கூட அது அவருடையதாக இருந்திருக்கும். என் ஆட்டத்தில் நான் எந்த ஓட்டையில் புகுந்தாலும் ராணிக்கு வலிக்காது. இவருக்கு வலிக்கிறது. ஒரு வாரமாக முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே. "மன்னிச்சிடுங்க" என்றேன். ம் என்றார். அந்த 'ம்' எந்தக் கணக்கில் சேரும் என்று இன்னும் தெரியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

ஆட்டத்தை மறுபடி திறந்துவிட்டார். பரிசு கொடுத்ததற்கு முந்தைய இடம் சேவ் ஆகியிருக்கிறது, அங்கிருந்து ஆடுங்கள் என்று கெஞ்சினேன். அது என் தப்பைத் துடைப்பதற்குத்தானே, அவர் தப்பை அல்லவே? கேட்கவில்லை. "நடந்ததுலேர்ந்துதான் போகணும்." நாத்தனாரிடமும் டாக்டரிடமும் மேட்டு மதில் கதையைத் திருத்திச் சொல்லியாயிற்று. நாத்தனார் எனக்குப் போன் போட்டு, "அண்ணி, உங்க கையால ஒரு கிராமம் எனக்கும் கிடைக்குமா?" என்றாள். இந்த ஜென்மத்தில் விட மாட்டாள்.

இப்போது ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் ஆடுகிறார். அதற்கு முன்னால் வெகுநேரம் யோசனை. நான் அந்த அறைக்குள் போகும்போது செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம் பண்ணிக்கொண்டு போகிறேன், ஒளிந்து வருகிறேன் என்று நினைத்துவிடக் கூடாதே.

ஏப்ரல் 12, ஞாயிறு

கட்டைப் பிரித்தாகிவிட்டது. கால் சுரைக்காய்க் காம்பு மாதிரி இருக்கிறது என்றேன். தூதர் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று!

பஞ்சருக்கு மறுபடி படை அனுப்பினார். இந்தத் தடவை கிராமத்தைப் பிடிக்கவே முயலவில்லை. ராணியின் ஆட்களை ஒரு பக்கமாக இழுத்துவைத்துவிட்டு, இன்னொரு பக்கமாக முப்பது குடும்பங்களையும் வெளியே கூட்டி வந்துவிட்டார். இந்த ஆட்டத்தில் அப்படிச் செய்ய முடியும் என்றே எனக்குத் தெரியாது. நான் ஒருபோதும் தேடவில்லையே. வந்தவர்களை நியூட்ரலுக்குத் தெற்கே குடியேற்றி, புது ஊருக்கு 'ஸ்டெப்னி' என்று பெயர் வைத்தார். வரும்போது படையில் ஏறக்குறைய எல்லோரும் செத்துப்போனார்கள். அதற்குக் கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு நன்றாகத் தூங்கினார்.

மே 4, திங்கள்

இன்று வேலைக்குக் கிளம்பினார். கிளட்ச் மிதிக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. ஆனாலும் தினமும் நிறுத்திவைத்த வண்டியில் உட்கார்ந்து மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "இன்னிக்கு முறையை நீ ஆடிடு."

"நானா?"

"எனக்கு வர லேட்டாகும். பாதியில நிக்க வேண்டாம்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு எச்சரிக்கை, ஒரு முறைப்பு, ஒன்றும் கிடையாது.

எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. உட்கார்ந்தேன். ராணியின் இன்னொரு படை ஆற்றைத் தாண்டி நின்றது. நம்மிடம் நியூட்ரல், ஸ்டெப்னி, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வில்வீரர்கள். ஸ்டெப்னியை ராணிக்குக் கொடுத்தால் அத்தனை பேரும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் ஈ காக்கை இல்லை. அந்தப் பட்டனைப் பார்க்காத மாதிரி இருக்க என்னால் முடியவில்லை, நன்றாகவே பார்த்தேன். பிறகு ஸ்டெப்னிக்காரர்களை மதிலுக்குள் கூட்டிக்கொண்டேன். வில்வீரர்களைக் கிழக்கு வாசலில் நிறுத்தினேன், ஆறு அந்தப் பக்கம்தானே என்று. ராணி மேற்கே சுற்றிக்கொண்டு வந்தாள்.

நியூட்ரல் விழுந்துவிட்டது. ஒரே முறையில்! அவர் இரண்டு மாதமாகக் கட்டிக் காத்ததை நான் ஒரு காபி ஆறுவதற்குள் தொலைத்துவிட்டேன்.

போன் போட்டேன். வண்டியில் இருந்தால் எடுக்க மாட்டார், எடுக்கவும் இல்லை. மதியம் அவரே கூப்பிட்டார்.

"போச்சுங்க."

"எது போச்சு?"

"எல்லாமே. எந்த ஊரையும் நான் தூக்கிக் கொடுக்கலங்க. நான் கிழக்குல நின்னேன், அவ மேற்கால வந்துட்டா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகுதான் தெரிந்தது, சிரிப்பு வெளியே வராமல் மனுஷன் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறார் என்று. அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார். பக்கத்தில் யாரோ, வண்டி கற்றுக்கொள்ள வந்த பெண்ணாக இருக்கும், "என்ன சார், என்ன ஆச்சு?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்லம்மா. எங்க வீட்ல தோத்துட்டாங்க" என்றார் அவளிடம். ஊரைக் கூட்டி மேட்டு மதில் கதை சொன்ன அன்றைக்குக்கூட அந்தக் குரலில் இத்தனை பெருமை இல்லை.